நின்றுபோன காரும் நாலு தையலும்

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில், ஷூ கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிய இரண்டு பெண்கள். மூத்தவர் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வந்துகொண்டிருந்த தூக்கம் போய்விட்டது.

"நேத்து நம்ம மொதலாளியோட ரேஸ் காரை நான்தான் ரிப்பேர் பண்ணேன்."

"இன்னாக்கா சொல்றே? நீ தையல் செக்ஷன்தானே?"

"பள்ளிகொண்டா தாண்டி ரோட்லயே நின்னுடுச்சு. கம்பெனிக்கு போன் போட்டு, ஊசி நூலோட என்னை அனுப்பச் சொன்னாரு. போனா, பக்கத்து சீட்டைத் தடவிகினு இருக்காரு. 'நாலு தையல் பிரிஞ்சிருக்குது பாரும்மா. வெளிய தெரியற தையலையே இப்படிப் போட்டவன், உள்ள இஞ்சினை எப்படிப் போட்டிருப்பான்?'ன்றாரு."

"மெக்கானிக் வரலையா?"

"வந்தான். பெட்ரோல் இல்லன்னு அவருகிட்ட சொல்ல பயந்துகினு என் காதுல சொன்னான். 'டேங்க் எந்தப் பக்கம் சார்?'னு கேட்டான். சீட்டைத் தடவிகினே 'இது கன்னுக்குட்டித் தோலுப்பா'ன்னாரு. அவனே தேடி, ஊத்தி, ஸ்டார்ட் பண்ணான். நான் அப்பதான் கடைசி முடிச்சு போட்டேன். மொதலாளி கையைத் தட்டி, 'பார்த்தியா, தையல்தான்!'னாரு."

"நீ உண்மையைச் சொல்லலியா?"

"எதுக்குடி? திங்கக்கிழமைலேர்ந்து நான் சூப்பர்வைசர்."

மாதனூர் தாண்டியதும் இளையவர் மெல்லச் சாய்ந்து கேட்டார்.

"அக்கா, அடுத்த தபா பெட்ரோல் தீந்தா என்னையும் கூட்டிகினு போறியா?"