கோழியோடு சேர்ந்து முக்கியவர்

விடத்தல்தீவிலிருந்து மன்னாருக்குப் போகிற பஸ். போர் முடிந்து சனம் ஊர்களுக்குத் திரும்பிக் கொட்டில் போட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் வீட்டிலிருந்து நேர்முகப் பரீட்சைக்குப் போகிற முதல் ஆள் நான் என்பதால், மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தேன். முன் இருக்கைப் பெண் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னதைக் கேட்டபின் ஒரு வரியும் ஏறவில்லை.

“கோழியோட சேர்ந்து நானும் முக்கினனான், அக்கா.”

“என்னடி சொல்லுறாய்?”

“முட்டை அடைச்சுப்போட்டுது. தீனும் எடுக்காமல் மூலைக்குள்ள குந்தியிருக்குது. மீள்குடியேறேக்க தந்த கோழியளில மிஞ்சினது அது ஒண்டுதான். செத்துப்போகுமெண்டு பயந்து, இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ள இருத்தி வயித்தைத் தடவினன். ‘முக்கு பிள்ளை, முக்கு’ எண்டன். அது என்னைப் பாத்துக்கொண்டு சும்மா இருந்துது. அப்பதான் முக்கிக் காட்டினனான்.”

“ஐயோ மாதாவே! ஆரும் பாக்கேல்லையே?”

“குடும்பப் பதிவெடுக்க வந்த ஆமிக்காரன் வேலிப் படலையடியில நிண்டவன். என்ர சத்தத்தைக் கேட்டுப் பிள்ளைப்பேறெண்டு நினைச்சான் போல. தொப்பியைக் கழட்டிக்கொண்டு வந்த வழியே போயிட்டான்.”

“முட்டை?”

“அவன் போன கையோட விழுந்துது. ஆனால் கதை ஊரெல்லாம் பரவிப்போட்டுது. பின்னேரம் நான் முக்கின அலுப்பில பாயில சரிஞ்சு கிடக்கேக்க எங்கட அவர் கடையால வாறார், பிள்ளைப்பெத்தவைக்குக் கறி காய்ச்சுற சரக்குத்தூளோட.”

“ஆருக்காம், கோழிக்கோ உனக்கோ?”

“நானும் அதைத்தான் கேட்டனான். ‘கோழி எழும்பி மேயுது. நீதானே இன்னும் படுத்திருக்கிறாய்’ எண்டார்.”