ஒகிமுராவை யாரும் வரச் சொல்லவில்லை

மேடையை அலங்கரிக்கும் மாண்புமிகு மேயர் தொகாஷி அவர்களே, பொது நிர்வாகத் துறைத் தலைவர் உசுயி அவர்களே, மாகாண அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, எதிரே நெருக்கியடித்து அமர்ந்திருக்கும் ஹிராசாவா நகராட்சி ஊழியர்களே, தெருச் சங்கத்தாரே! முதல் வரிசையில், கணவரின் படத்தைப் பார்க்க மாட்டாமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கும் கயோகோ அம்மா அவர்களே!

நான் குரோய்வா ஃபுமியே. நகராட்சிக் கட்டடப் பராமரிப்புப் பிரிவின் தலைவி. குழாய் ஒழுகினால், மின்தூக்கி நின்றால் கூப்பிடுவீர்களே, அந்தக் குரோய்வாதான். எனக்கு மேடைப் பேச்சு வராது. ஆனால் வாய் கொஞ்சம் நீளம் என்பது உங்களுக்குத் தெரியும்.

மேயர் அவர்கள் சற்று முன் நெடுநேரம் பேசினார். "பூமிக்காகத் தன் இன்னுயிரையே ஈந்த உத்தமர் ஒகிமுரா தெய்ஜி" என்றார். அவர் பெயரில் ஆண்டுதோறும் விருது என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டலாமா என்று சந்தேகம் வந்து பாதிப் பேர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டீர்கள். அவர் இருந்தபோது அந்தப் பாதிக் கைதட்டலாவது கிடைத்ததா?

ஒகிமுரா தெய்ஜி யார்? நம் நகராட்சியின் வெப்பமாதல் தடுப்புப் பிரிவின் தலைவர். இந்த ஊர் வானத்தில் விடும் கரிப்புகையைக் குறைப்பது அவர் வேலை. அதை அவர் எப்படிச் செய்தார்? மேடையில் செய்யவில்லை. தெருத் தெருவாகப் போய் ஈரக் குப்பையைப் பிழிந்தார்! ஆமாம், பிழிந்தார்! நம் எரியுலையில் பாதி எண்ணெய், குப்பையில் இருக்கும் தண்ணீரைக் காய்ச்சவே செலவாகிறது. வீட்டிலேயே ஒருமுறை கூடுதலாகப் பிழிந்து போட்டால் போதும் என்று வாளியும் கையுமாக அலைந்தார்.

மேற்குத் தெருச் சங்கக் கூட்டத்தில் நானும் இருந்தேன். காய்கறிக் கடை நொசாகி அம்மா எழுந்து கேட்டார்: "ஏங்க தலைவரே, எங்க குப்பையை இந்த வெயில்ல வந்து பிழியுறீங்களே, உங்க வீட்டுக் குப்பையை யாரு பிழியுறா?"

"என் வீட்டுக்காரிதாங்க."

"அப்ப அடுத்த தடவை அவங்களை அனுப்புங்க. உங்களுக்குப் பிழியவே தெரியலை!"

கூட்டமே சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த வாரம் கயோகோ அம்மாவை உண்மையாகவே கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அந்த ஆண்டு எரியுலையின் எண்ணெய்ச் செலவு குறைந்தது. பள்ளிகளுக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டார். நீச்சல்குளத்தின் பழைய கொதிகலனை மாற்றினார். இதெல்லாம் மேயர் பேச்சில் வந்ததா? வரவில்லை. பெங்குவின்தான் வந்தது.

பெங்குவின்! நம் ஊர்ச் சின்னம், குளுகுளு பெங்குவின்! நகராட்சிக் கூரைக்கு வெயில் தடுக்கும் பூச்சு அடிக்க வேண்டும், மேல்மாடி வேகிறது என்று ஒகிமுரா ஆண்டுதோறும் கேட்டார். மேயர் ஐயா சொன்ன பதிலை நான் என் காதால் கேட்டேன். "கூரையை யாருய்யா அண்ணாந்து பார்க்கப் போறா? ஃபோட்டோவுக்கு ஆகாதே! ஜனங்க பார்க்கிற மாதிரி ஏதாவது கொண்டா." அந்த ஆண்டு கூரைக்குப் பூச்சு வரவில்லை. பஞ்சு அடைத்த பெங்குவின் உடுப்பு வந்தது. ஆகஸ்ட் வெயிலில், ரயிலடியில், அதற்குள் யார் நின்றது தெரியுமா? ஒப்பந்தப் பிள்ளைகள் மயங்கி விழுந்தால் கேட்க நாதியில்லை என்று, பிரிவுத் தலைவரே உள்ளே புகுந்து நின்றார். மேயர் ஐயா, உங்கள் தேர்தல் சுவரொட்டியில் நீங்கள் கைகுலுக்குகிற பெங்குவின் ஒகிமுராதான். அவர் முகத்தைப் பார்த்துக் கைகுலுக்கியதாக எனக்கு நினைவில்லை.

உசுயி அவர்கள் கைக்குட்டையை எடுத்துவிட்டார். துக்கம்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது இருபத்தெட்டுக்கு வருகிறேன். தலைநகரத்துச் சுற்றறிக்கை என்ன சொன்னது? கோடையில் அறை இருபத்தெட்டு டிகிரியில் இருக்கட்டும் என்றது. அறை! நம்மவர்கள் என்ன செய்தார்கள்? ஏசியை இருபத்தெட்டில் வைத்து, அதை யாரும் தொடாதபடி பெட்டி போட்டுப் பூட்டி, சாவியைப் பொது நிர்வாகத் துறையில் வைத்துக்கொண்டார்கள். மேற்கு வெயில் அடிக்கும் நான்காம் மாடியில், வெந்த கூரைக்குக் கீழே, ஏசி இருபத்தெட்டு என்றால் அறை எவ்வளவு? அதைப் பார்க்கத்தான் ஒகிமுரா தன் மேஜையில் ஒரு சின்ன வெப்பமானியை மாட்டினார். ஊழியர் கூட்டத்தில் கையைத் தூக்கினார்.

"மன்னிக்கணும். ஏசியில இருபத்தெட்டு வெச்சா அறை இருபத்தெட்டு ஆகாதுங்க. என் மேஜையில முப்பத்திரண்டு காட்டுது."

உசுயி அவர்கள் சொன்னார்: "ஒகிமுரா-சான், ஊருக்கெல்லாம் சிக்கனம் சொல்ற உங்களுக்கே வேர்த்தா எப்படி? பத்திரிகைக்காரன் காதுல விழுந்தா நாறிடும். அந்த வெப்பமானியைக் கழட்டுங்க. பார்க்கிறவங்களுக்குத்தான் சூடு ஏறுது."

எல்லோரும் சிரித்தீர்கள். ஒகிமுரா என்ன செய்தார்? எழுந்து, இடுப்பு வளைய வணங்கி, மன்னிப்புக் கேட்டு, வெப்பமானியைக் கழற்றி இழுப்பறைக்குள் வைத்தார். எனக்கு அவர்மேல் உள்ள ஒரே கோபம் அதுதான். இத்தனை நல்ல மனிதராக இருந்தால் இந்தக் கட்டடத்தில் பிழைக்க முடியுமா?

இந்த ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை. விடுமுறை நாளில் ஏசி ஓடாது என்பது நம் நகராட்சியின் பெருமை. கரிப்புகையைக் குறைத்த நகரங்களுக்கான மாகாணப் பரிசுக்கு நம் ஊரின் அறிக்கை திங்கட்கிழமை போக வேண்டும். ஒகிமுரா தனியாக நான்காம் மாடியில் அமர்ந்து அதை எழுதினார். விளக்கைக்கூட அவர் போடவில்லை. சாயங்காலம் காவலாளி பார்த்தபோது மேஜைமேல் கவிழ்ந்திருந்தார். இழுப்பறை திறந்திருந்தது. வெப்பமானி அவர் கையருகே கிடந்தது. யாருக்கும் தெரியாமல், தனக்காக மட்டும், ஒருமுறை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

பரிசு வந்துவிட்டது. வாழ்த்துகள், மேயர் ஐயா.

ஊதுவத்தி ஏற்ற உசுயி அவர்கள் ஒகிமுரா வீட்டுக்குப் போனார். நானும் போயிருந்தேன். கயோகோ அம்மா பார்லித் தண்ணீர் கொடுத்தார். அதைக் குடித்துவிட்டு இவர் சொன்னார்: "மன்னிக்கணும்மா, அன்னைக்கு சனிக்கிழமை. அவரை யாரும் வரச் சொல்லலை. அவராத்தான் வந்திருக்கார். அதனால பணியில இறந்ததா எடுத்துக்க முடியாது."

கயோகோ அம்மா கேட்டார்: "திங்கட்கிழமை காலையில அறிக்கை மேஜையில இருக்கணும்னு சொன்னது யாருங்க?"

"அது எதிர்பார்ப்பும்மா. உத்தரவு இல்லை."

கேட்டீர்களா, அவையோரே? மேடையில் பூமிக்காக உயிரை ஈந்தார்! அவர் வீட்டில் போய்ச் சொன்னால், அவராக வந்து செத்தார்! பூமிக்குக் கொடுத்த உயிர் நகராட்சிக் கணக்கில் வராதா? விருதுக்கு அவர் பெயர் வேண்டும், அவர் மனைவிக்கு ஒரு வாக்கியம் கொடுக்க மட்டும் மனம் வராதா?

இங்கே வியர்க்கிறது, இல்லையா? மேயர் ஐயாவும் கழுத்துப்பட்டையைத் தளர்த்திவிட்டார். சொல்லிவிடுகிறேன். மாகாணப் பெரியவர்கள் வருகிறார்கள், அரங்கு குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்று இன்று காலை உசுயி அவர்களே சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இருபத்திரண்டில் வைத்தேன். மேயர் பேச எழுந்தபோது, ஒகிமுராவின் நினைவாக, இருபத்தெட்டில் வைத்துப் பூட்டினேன். நம் நகராட்சியின் கொள்கை அதுதானே! நீங்கள் நெடுநேரம் பேசியதற்கு நன்றி, மேயர் ஐயா. அறை சூடேற அவகாசம் கிடைத்தது. படத்துக்குப் பக்கத்தில், வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே இருப்பது அவருடைய வெப்பமானி. முப்பத்தொன்றைத் தாண்டிவிட்டது.

ஒரு வேலை மட்டும் உடனே ஆக வேண்டும். வாசலில் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நிற்கிறதே பெங்குவின், அதன் தலையை யாராவது கழற்றுங்கள். உள்ளே ஒரு பிள்ளை இருக்கிறது. தண்ணீர் கொடுங்கள். கயோகோ அம்மா, நீங்களும் அந்தப் பிள்ளையோடு வெளியே மரத்தடியில் உட்காருங்கள். உங்கள் பங்குச் சூட்டை நீங்கள் பட்டுவிட்டீர்கள்.

ஒகிமுரா அவர்களே! உங்கள் பணி நிற்காது. ஈரக் குப்பையை நான் பிழிவேன். நொசாகி அம்மா பிழிவார். கூரைக்குப் பூச்சு வரும்வரை ஒவ்வோர் ஆண்டும் நான் கேட்பேன், மன்னிப்புக் கேட்காமல் கேட்பேன். இது என் உறுதி.

மேடையில் இருப்பவர்களும் பணியைத் தொடர்வோம் என்றார்கள். தொடரட்டும். மேயர் ஐயா, "ஒகிமுரா பணியில் இறந்தார்" என்று இந்த மைக்கில் நீங்கள் சொன்னதும் சாவியைத் தருகிறேன். அதுவரை நாம் மௌன அஞ்சலி செலுத்துவோம். கதவுகள் திறந்துதான் இருக்கின்றன. போக நினைப்பவர்கள் எழுந்து, மரத்தடியில் இருக்கும் கயோகோ அம்மாவின் கண்முன்னால் போகலாம். இருப்பவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னைக் கேட்காதீர்கள். உங்களை யாரும் இருக்கச் சொல்லவில்லை. நீங்களாகத்தான் இருக்கிறீர்கள்.