பச்சை மெஷினில் அடைப்பு

"ஹலோ… ஹலோ! அண்ணே, நான்தான். கார்ப்பெட்ல கறை எடுக்கிற மெஷினை ரிப்பேருக்குக் குடுத்துட்டு வந்தேனே, சின்னது, பச்சைக் கலரு… ஆமா, ஆமா, கைப்பிடில டேப் சுத்தினதேதான். நீங்க கூப்பிட்டது காதுல விழலை. டாக்சிக்குச் சொல்லிட்டு நிக்கிறேன், சட்டுனு சொல்லுங்க. ஆச்சா, ஆகலையா?"

ஒரு காலில் செருப்பு இருந்தது, மற்றொன்றில் இல்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தபடியே பேசினாள். மாமனார் குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு இரத்த அழுத்தம் இறங்குவேனா என்று அடம்பிடித்தது. மாத்திரையின் அளவை ஏற்கெனவே கூட்டியும் பலனில்லை. இன்று இன்னும் கூட்டிப் பார்க்கலாம் என்று டாக்டர் வரச் சொல்லியிருந்தார்.

"…பழசா? பழசுன்னு தெரிஞ்சுதானே உங்ககிட்ட கொண்டுவந்தேன்! … சரி … சரி … அந்த மாடலையே நிறுத்திட்டாங்களா? பார்ட்ஸும் வராதா? நல்லதாப் போச்சு. தலையைச் சுத்தித் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்னு அன்னைக்கே சொன்னேன், கேட்டாத்தானே. … யாரா? எங்க மாமாதான், வீட்டுக்காரரோட அப்பா. அதை உங்ககிட்ட குடுத்ததிலிருந்து மனுஷர் என் தலையைத் தின்னுட்டாரு. காலையில கண்ணு முழிச்சா மெஷின், சாப்பிட உக்காந்தா மெஷின். பெத்த பிள்ளையை ஹாஸ்டல்ல விட்ட மாதிரி! … சிரிக்காதீங்கண்ணே, கஷ்டம் எனக்குத்தான் தெரியும். கார்ப்பெட் இருக்கறதே அவர் ரூம்ல மட்டும்தான். ஒரு சொட்டு தண்ணி சிந்தினாலும் எங்களைத் தொட விடமாட்டாரு, கதவைச் சாத்திக்கிட்டு அவரே உறிஞ்சி எடுத்துடுவாரு. … ம். … அடைப்பா? அப்போ மோட்டார் போகலையா? என்ன அடைப்பு, முடியா, நூலா?"

அவள் நடை நின்றது.

"…மாவா? என்ன மாவு? அந்த ரூம்ல மாவுக்கு என்ன வேலை? … இருங்க, திரும்பச் சொல்லுங்க. … பைப்பு வளையுற இடத்துல. … வெள்ளையா, களி மாதிரி. … ம். … ரோஸ் கலரும் இருக்கா? … கரையாம முழுசாக் கூடவா? அண்ணே, வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. நடுவுல கோடு போட்டிருக்கா?"

கடைக்காரர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார் போலிருக்கிறது. நாற்காலி கிரீச்சிடும் சத்தம் கேட்டது. ரோஸ் மாத்திரையையும் வெள்ளை மாத்திரையையும் காலையில் கிண்ணத்தில் போட்டு, டம்ளரில் தண்ணீரும் வைத்துவிட்டு வருவது அவள்தான். போட்டாச்சா என்று கேட்டால் மாமா தலையாட்டுவார். கிண்ணமும் காலியாகத்தான் இருக்கும்.

"…இருக்கா? கோடு? … இல்லைண்ணே, இங்கேதான் இருக்கேன். … குழந்தைங்க யாரும் இல்ல வீட்ல. அது அவரோட பிரஷர் மாத்திரை. … வேணும்னே போடாம விட்டிருப்பாருங்கறீங்களா? சேச்சே. வேணாம்னா என் முகத்துக்கு நேரா வேணாம்னு சொல்லிட்டுப் போவாரு, யாருக்குப் பயம் அவருக்கு! … ஒரு நிமிஷம். வைக்காதீங்க, லைன்லயே இருங்க."

அவருடைய அறைக்குள் போய்ச் சாய்வு நாற்காலியை இழுத்தாள். அது இருந்த இடத்தில் ஒரு துண்டு, ஈரம் காயாமல், சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. அதன் மடிப்பில் இரண்டு மாத்திரைகள். இன்னொன்று கார்ப்பெட்டோடு நசுங்கிக் கிடந்தது. மடிப்பில் இருந்ததை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள்.

"அண்ணே… இங்கேயும் கிடக்கு. நாற்காலிக்கு அடியில. … அதேதான். … எனக்குப் புரிஞ்சுபோச்சுண்ணே. அவருக்கு விரல் நிக்கலை. எடுக்கறப்பவே நழுவியிருக்கு, டம்ளரும் கைதவறியிருக்கு. குனிஞ்சு பொறுக்க இடுப்பு விடாது, எங்களைக் கூப்பிட வாய் வரலை. மெஷினை வச்சு உறிஞ்சிட்டாரு. … ஆமா, மாத்திரையோட சேர்த்துத்தான்! நாங்க என்னடான்னா பிரஷர் இறங்கலை, இறங்கலைன்னு ஒப்பாரி வைக்க, டாக்டரும் கூட்டிக்கிட்டே போறாரு. … அதைத்தாண்ணே நானும் நினைக்கிறேன். ஒரு நாள் போகுது, ஒரு நாள் போகலை. போன வாரம் தலை சுத்திச் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு, வயசுதான்னு விட்டுட்டேன். இன்னைக்கு இன்னும் கூட்டி, அது முழுசா உள்ளே போயிருந்தா… ஐயோ, வாயில வரலைண்ணே."

வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது.

"வர்றோம்பா, வர்றோம்! உயிரை எடுக்காதே! … உங்களை இல்லைண்ணே, டாக்சிக்காரரை. … என்னது? ரிப்பேரா, புதுசா? நான் இங்கே தவிச்சுக்கிட்டு நிக்கிறேன், நீங்க… சரி, சரி, உங்க வேலை உங்களுக்கு. … வேற மெஷின்லேர்ந்து பைப்பைக் கழட்டி மாட்டலாமா? மாட்டுங்க… இல்ல, வேணாம். அது திரும்பி வந்தா இவர் திரும்பவும்… இல்லைண்ணே, எனக்கு இப்போ ஒண்ணும் ஓடலை."

பின்னால் செருமல் கேட்டது. மாமா வந்து நின்றிருந்தார். இழுத்துப் போட்ட நாற்காலியைப் பார்த்தார், அவள் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு எதையும் பார்க்காதவர் போலத் தலைகுனிந்து சட்டையின் கைப்பட்டனைப் போட முயன்றார். பட்டன் துளைக்குள் போவதாக இல்லை.

"அண்ணே, இருங்க… மாமா, இப்படி உக்காருங்க. … கோபமெல்லாம் இல்ல. … கடைக்காரர் சொன்னாரு, பைப்புல அடைச்சிருந்துதாம். எத்தனை நாளா இப்படி? … மழைக்காலத்திலிருந்தா! உங்க பிள்ளைகிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? … என்ன பேச்சு மாமா இது? யாரு உங்களுக்கு ஊட்டிவிடறேன்னு வந்தா? ஊட்டமாட்டேன், போதுமா? அகலமா ஒரு தட்டு வைக்கிறேன், பிடி வச்ச கப்பு வைக்கிறேன், நீங்களே போட்டுக்குங்க. பக்கத்துல நிப்பேன், அவ்வளவுதான். … டாக்டர்கிட்ட நான் வாயே திறக்கமாட்டேன். நீங்களே கையைக் காட்டிச் சொல்லணும். … எனக்காக இல்ல. சொல்லுவீங்களா?"

மாமா கையை நீட்டிப் போனைக் கேட்டார்.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா? … எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா! பரவாயில்லை. இந்தாங்க, மாமா பேசறாராம்."

இரண்டு கைகளாலும் போனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"ஹலோ… ஆமா, நான்தான். அந்த மெஷினோட ஆளு. … ம். … நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன். பைப்பை மாத்திடுங்க தம்பி, பழசே போதும். இனிமே கறைக்கு மட்டும்தான் அது. … ம். அப்புறம் ஒரு உதவி. அதுல கிடைச்ச மாத்திரையைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரு போட்டோ எடுத்து இந்த நம்பருக்கே அனுப்புங்க. டாக்டர்கிட்ட காட்டணும். … ஆமா, நான்தான் காட்டணும். … என் கையா? அது என்னன்னு கேட்டாத்தான் தம்பி தெரி—"

போன் நழுவிக் கார்ப்பெட்டில் விழுந்தது. லைன் அறுந்துபோனது.

குனிந்து எடுக்க அவள் துடித்தாள். ஆனாலும் நின்ற இடத்திலேயே நின்றாள். மாமா கீழே கிடந்த போனைப் பார்த்தார். நடுங்கும் விரல்களைப் பார்த்தார். கடைசியில் அவளைப் பார்த்தார்.

"எடுத்துக் குடும்மா" என்றார்.