வாய் வைத்தே குடிக்க வேண்டும்

கருவாட்டுக் குழம்பு என்றால் எனக்கு உயிர். அதுவும் மரக்காணத்துக்காரி கொண்டுவந்து விற்கிற நெத்திலிக் கருவாடு, பிஞ்சுக் கத்திரிக்காய் போட்டு. எங்கள் வீட்டில் அது கொதித்தால் வாசனை பெருமுக்கல் மலை உச்சிக் கோயில் வரைக்கும் ஏறும் என்று ஊரில் கேலி செய்வார்கள். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இந்தக் குழம்பில்தான் இருக்கிறது, டாக்டரம்மா. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். உங்களுக்குக் கபசுரக் குடிநீர் அடுப்பில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.

கொரோனா வந்த புதிதில் ஊர் என்ன செய்தது, உள்ளே முதலில் கொண்டுவந்தது யார், இதுதானே உங்களுக்கு வேண்டும். ஊரடங்கு போட்டதுமே சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊரும் வாசலை அடைத்துக்கொண்டன. நாங்களும் திண்டிவனம் ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்புகிற இடத்தில் ஒரு பனைமரத்தைக் குறுக்கே போட்டோம். இரண்டு பக்கமும் வேலிக்காத்தான் முள். காவலுக்கு யார் என்ற பேச்சு வந்தது. எல்லாருக்கும் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்குகிற அவசரம். "அப்பாதுரை சும்மாதான கீறான், அவனயே போடுங்க" என்று யாரோ சொன்னார்கள். அந்த அப்பாதுரை நான்தான்.

அதுவரை ஊரில் நான் உப்புக்குச் சப்பாணி. கூட்டம் என்றால் கடைசி வரிசை, கல்யாணம் என்றால் கடைசிப் பந்தி, ரசம் தீர்ந்த பிறகு நினைவுக்கு வருகிற ஆள். இப்போது பந்தல்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுத்தார். ஒரு விசில் வந்தது. மோட்டார் பைக்கில் சீறிக்கொண்டு போகிறவர்களெல்லாம் இறங்கி நின்று, "அண்ணே, போவட்டுமாண்ணே?" என்றார்கள். நான் தலையை ஆட்டினால் வண்டி நகர்ந்தது. அந்தச் சுகம் அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தேன். என் மச்சான் வளவனூரிலிருந்து கறி வாங்கிக்கொண்டு வந்தான். கறியை மஞ்சள் தண்ணீர் தெளித்து உள்ளே விட்டேன், மச்சானைத் திருப்பி அனுப்பினேன். புதுச்சேரிச் சரக்கோடு ஓடை வழியாக நுழையப் பார்த்த முருகையனை அவன் மொபெட்டோடு சேர்த்து வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டினேன். அன்றிலிருந்து என் நாற்காலி மேல் அவனுக்கு ஒரு கண்.

கபசுரக் குடிநீர் என் யோசனை. உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு தம்ளர் குடிக்க வேண்டும். ஆனால் நம் ஆட்கள் எதையும் அண்ணாந்துதான் குடிப்பார்கள். தம்ளரில் எச்சில் படக் கூடாது என்று பிறவியிலேயே ஊறின பழக்கம். கசப்பு மருந்தை அண்ணாந்து ஊற்றினால் பாதி தாடையில் வழியும், மீதியை அப்படியே திரும்பி முள்ளுக்குள் துப்பிவிடுவார்கள். மருந்தை வீணாக்கலாமா? அதனால் சட்டம் போட்டேன். வாய் வைத்தே குடிக்க வேண்டும், என் கண் முன்னால் விழுங்க வேண்டும். "இது இன்னா விஷமா இன்னான்னு தெர்ல, நீ மொதல்ல குடிச்சிக் காட்டு" என்றார்கள். நியாயமான பேச்சு. ஒவ்வொருவருக்கும் முன்னால் முதல் வாய் நான் குடித்துக் காட்டினேன். ஒரே எவர்சில்வர் தம்ளர்தான். சாயங்காலமானால் சோப்புப் போட்டுப் பளபளவென்று கழுவி வைப்பேன். சுத்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

பொடி தீர்ந்தபோது திண்டிவனம் போனேன். யாரும் ஊரை விட்டு வெளியே போகக் கூடாது என்பதும் என் சட்டம்தான். ஆனால் ஊருக்கு மருந்து வேண்டுமே, சட்டம் போட்டவனே போகாமல் வேறு யார் போவது? நாட்டு மருந்துக் கடையில் திருவிழாக் கூட்டம். ஒருவர் முதுகில் ஒருவர் ஒட்டிக்கொண்டு, மூச்சோடு மூச்சாக நின்று, நோய் வராமலிருக்க மருந்து வாங்கினோம். எனக்கு முன்னால் நின்றவருக்குப் பாவம், நல்ல இருமல்.

சில நாள் கழித்து என் சம்சாரம் கிருஷ்ணவேணி தட்டை வைத்தாள். குழம்பில் கருவாடு போடவில்லையா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"இன்னாங்க, தெருவே மணந்துக்கினு கீது, உங்களுக்குத் தெர்லியா? வாசன போச்சின்னா அதுதானாம், டிவில சொல்லிக்கினே கீறான். ஜல்தி கெளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் பண்ணிக்கினு வந்துர்லாம்."

நான் நிதானமாக யோசித்தேன். டெஸ்டில் இருக்கிறது என்று வந்தால் வீட்டுக்குத் தகரம் அடிப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாற்காலியும் விசிலும் முருகையன் கைக்குப் போகும். அவன் விசில் ஊதினால் காற்றைவிட எச்சில்தான் அதிகம் வரும். அப்படிப்பட்டவன் கையில் ஊரை ஒப்படைக்க மனசு வரவில்லை. "சாதாரண சளிடி. வெளிய மூச்சு வுடாத" என்றேன். அவளும் யாரிடமும் மூச்சு விடவில்லை. நல்ல மனுஷி. நானும் வழக்கம்போல் காவலுக்குப் போனேன்.

அதற்கு அப்புறம்தான், இந்த வரிசையை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு அப்புறம்தான் செல்வகுமார் வந்தான். கோயம்பேட்டில் மூட்டை தூக்குகிற பையன். மார்க்கெட்டை மூடியதும் கிடைத்த லாரியில் ஏறி வந்து பனைமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"மாமா, அம்மாவ ஒரு தபா பாத்துட்டு வந்துர்றேன் மாமா. அப்பால நீங்க சொல்ற எடத்துல படுத்துக்கறேன்."

"தனியா இருக்கற நாள் முடியட்டும்டா. அம்மா எங்க ஓடிப் போவப் போறா" என்றேன்.

எல்லைக்கு வெளியே அவன் குடும்பத்துக் கொல்லைக்காட்டில் இருந்த மோட்டார் கொட்டகையில் அவனை இருத்தினேன். சுகாதாரத்துறை ஆட்கள் வந்து மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். இல்லை என்று வந்தது. மறுபடியும் பார்த்தார்கள். மறுபடியும் இல்லை.

அவன் அம்மா கோவிந்தம்மாள் இரண்டு வேளையும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவாள். கல் மேல் வைத்துவிட்டுத் தூரப் போய் வரப்பில் நின்றுகொள்வாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டேயிருப்பாள். மகனை ஒரு விரலால் தொட்டதில்லை, அதற்கு நானே சாட்சி. திரும்பி உள்ளே வரும்போது தம்ளர்.

"அண்ணே, கொமட்டிக்கினு வருதுண்ணே. அண்ணாந்து குடிச்சிக்கறேனே."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

முதல் வாய் நான், அடுத்த வாய் தங்கச்சி. எனக்குக் கசப்புக்கூடத் தெரியவில்லை. அவள் முகம் சுளிப்பதைப் பார்த்துத்தான் மருந்து சரியான பதத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வேன்.

பிறகு ஊருக்குள் வீட்டுக்கு வீடு காய்ச்சல். கோயில் வாசலில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து கூட்டம் போட்டார்கள். என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். யார் கொண்டுவந்தது என்று கேட்டபோது நான் பொய் எதுவும் சொல்லவில்லை. "கோயம்பேட்லேர்ந்து வந்தவன் ஒருத்தன்தான் கீறான்" என்றேன். அது உண்மைதானே. மற்றதை ஊர் பேசிக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? செல்வகுமாருக்கு இன்னும் கொஞ்ச நாள் நீட்டித்தார்கள்.

கோவிந்தம்மாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது பனைமரத்தை நானே ஒரு பக்கமாகப் புரட்டி வழிவிட்டேன். முதுகு பிடித்துக்கொண்டது. செல்வகுமார் கொல்லையிலிருந்து, "யம்மா, யம்மா" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். விசில் ஊதினேன். பையன் கீழ்ப்படிதலுள்ளவன், நின்றுவிட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் அவள் இரண்டு நாள்தான் தாங்கினாள்.

உறை போட்டுக் கட்டிக் கொண்டுவந்தார்கள். மகன் வரலாம், தள்ளி நிற்கட்டும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஆனால் சுடுகாட்டுக்குப் பாதை பனைமரத்தைத் தாண்டி ஊருக்குள்ளேதானே போகிறது. அது ஊர்க் கட்டுப்பாடு, அதில் அதிகாரிகள் தலையிட முடியாது. மறுபடியும் விசில் ஊதினேன். அண்ணே என்று கூப்பிட்டவளாயிற்றே, கிருஷ்ணவேணியின் பீரோவிலிருந்து ஒரு புதுப் புடவை எடுத்துவந்து பிறந்த வீட்டுக் கோடியாக வைத்திருந்தேன். உடம்பின் மேல் போட விடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

எல்லாம் அடங்கிய பிறகு ஊர்க்கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். செல்வகுமார் கோயம்பேட்டுக்கே போய்விட்டான். போன பொங்கலுக்குத்தான் வந்தான். என் முன்னால் உட்கார்ந்து குழந்தை மாதிரி விம்மினான். "எங்கம்மாவுக்கு நான்தான் மாமா குடுத்துட்டேன். கல்லு மேல கீற சட்டிய தொட்டேனே, அதுலதான் ஒட்டிக்கினு போயிருக்கும். நான் வராமயே இருந்துருக்கலாம் மாமா." முதுகைத் தடவிக் கொடுத்தேன். "வுட்றா, நீ தெரிஞ்சா செஞ்ச?" என்றேன். அவனை மன்னித்துவிட்டேன். வேறு என்ன செய்வது?

யார் கொண்டுவந்தது என்று கேட்டீர்கள். நான்தான். திண்டிவனத்திலிருந்து கொண்டுவந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் என் கையாலேயே கொடுத்தேன். தெரிந்தேதான் கொடுத்தேன். தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அன்றைக்கு நான் வீட்டில் படுத்திருந்தால் இந்த ஊரை யார் காப்பாற்றியிருப்பார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்போது பக்கத்து ஊர்களில் ஏதோ புதுக் காய்ச்சல் என்றுதானே உங்களை அனுப்பியிருக்கிறார்கள்? நாங்கள் தயார். பனைமரம் அங்கேயேதான் கிடக்கிறது. எனக்கு முந்தாநாள் திண்டிவனம் போய்வந்ததிலிருந்து தொண்டை லேசாகக் கரகரக்கிறது, வேறு ஒன்றுமில்லை. நேற்று வீட்டில் கருவாட்டுக் குழம்பாம், கிருஷ்ணவேணி சொன்னாள்.

இதோ வந்துவிட்டது தம்ளர். பயப்படாதீர்கள், முதல் வாய் நான் குடித்துப் பார்த்துவிட்டேன். அந்த மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்குங்கள். அண்ணாந்து மட்டும் குடிக்கக் கூடாது, டாக்டரம்மா.