பேட்டரியைக் கழற்றிய பிறகு

சாயங்காலம் ஆறு மணி. கல்குவாரிச் சாலை.

வெளிச்சம் போயும் போகாமலும் இருக்கிற நேரம். இரண்டு பக்கமும் வெட்டி எடுத்த பாறை, நடுவில் ஒற்றைச் சாலை. குவாரி வேலை முடிந்துவிட்டால் அங்கே ஈ, காக்கை கிடையாது... லாரிகள் கிளப்பிவிட்டுப் போன கல்தூசி மட்டும் காற்றில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்தச் சாலையின் வளைவில் ஒரு கார் நிற்கிறது. பானெட் திறந்திருக்கிறது. அதன் முன்னால் ஒரு பெண். கையில் ஒரு ஸ்பார்க் பிளக்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் மல்லுக்கட்டட்டும்.

அந்தப் பெண் நம் பகல் ஷிப்டு கிரேன்காரனின் சொந்த அக்கா. அவன்தான் எனக்குச் சொன்னான். சொல்லும்போது கையிலிருந்த டீயைக் குடிக்கவே இல்லை. ஆடை கட்டி ஆறிப்போனது.

அக்காவும் புருஷனும் சேர்ந்து ஒரு ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார்கள். என்ஜின் வேலை அவருடையது. ஒயரிங், பேட்டரி, காயில் எல்லாம் அக்காவுடையது. புருஷனின் தம்பியும் அங்கேதான் வேலை. அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பால் காய்வதற்குள் பாத்திரத்தைக் கழுவி வைக்கிற ஆள். ஆனால் அண்ணி என்றால் அவனுக்கு உயிர். அம்மா போன பிறகு அவனை வளர்த்தவள் அவள்.

ஒரு மருந்துக்கடைக்காரர் அந்தக் காரைக் கொண்டுவந்து விட்டார். பழைய பெட்ரோல் கார். அவர் கைக்கு வருவதற்கு முன் யார் யாரிடமோ இருந்தது. ஊருக்குள் குதிரை மாதிரி ஓடும். கல்குவாரி வளைவுக்குச் சாயங்காலம் போனால் மட்டும் நின்றுவிடும். பிளக் மாற்றியாகிவிட்டது, காயில் மாற்றியாகிவிட்டது. பார்த்த மெக்கானிக் எல்லாம் கைவிரித்துவிட்டார்கள்.

"எப்படி நிக்குது? இருமி இருமி நிக்குதா, பட்டுன்னு நிக்குதா?" என்று அக்கா கேட்டாள்.

"பட்டுன்னு. யாரோ கைய நீட்டி சாவிய திருப்பின மாதிரி."

பெட்ரோல் கோளாறு என்றால் வண்டி விக்கும், திணறும், கெஞ்சும். பொறி போய்விட்டால் அப்படி இல்லை. உயிர் போன மாதிரி ஒரே நொடி. அக்காவுக்கு அந்த ஒரு பதிலிலேயே பாதி புரிந்துவிட்டது.

ஒர்க்‌ஷாப்பில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. நீலப் பொறி, சுத்தமான சத்தம். அக்கா பானெட்டை மூடிவிட்டுச் சொன்னாள்:

"ஜுரம் அடிக்கும்போதுதான் ஜுரத்த அளக்க முடியும். அது எங்க நிக்குதோ அங்கயே போய் பாப்போம்."

அப்படித்தான் அக்காவும் அவசரமும் போனார்கள். ஓட்டியது அவன்.

வளைவு வந்தது. கார் நின்றது.

இருமலும் இல்லை, குலுங்கலும் இல்லை. ரேடியோவை அணைத்த மாதிரி... சட்டென்று அமைதி. டயர் மட்டும் ஜல்லியில் நொறுநொறுவென்று உருண்டு நின்றது.

அக்கா இறங்கிப் பானெட்டைத் தூக்கினாள். தூக்கி நின்ற பானெட் கண்ணாடியை மறைத்துக்கொண்டது. ஸ்டியரிங்கில் இருக்கும் அவசரம் இப்போது அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாவியைத் திருப்பினால் பேட்டரியிலிருந்து கரண்ட் காயிலுக்குப் போகும். பேட்டரி கொடுப்பது நம் விரலைக்கூடக் கூசவைக்காத கரண்ட். காயில் அதை ஆளைத் தூக்கி எறிகிற அளவுக்கு ஏற்றிவிடும். அங்கிருந்து ஒரு தடித்த ஒயர் டிஸ்ட்ரிப்யூட்டருக்கு வரும். அது ஒவ்வொரு பிளக்குக்கும் முறைவைத்துப் பங்கு போடும். பிளக் நுனியில் பொறி வெடிக்கும், பெட்ரோல் பற்றும், வண்டி ஓடும். சங்கிலி மாதிரி... ஒரு கண்ணி அறுந்தாலும் வண்டி பிணம்.

அக்கா அந்தத் தடித்த ஒயரைப் பிடுங்கினாள். அதன் முனையில் கையிலிருந்த பிளக்கைச் செருகி என்ஜின் மேல் படுக்கவைத்தாள்.

"செல்ஃப் அடி."

கிர்ர்... கிர்ர்... கிர்ர்... பொறி இல்லை.

டெஸ்ட் லேம்பை எடுத்துக் காயிலில் வைத்தாள். பல்பு எரிந்தது. கரண்ட் வருகிறது. மறு முனையில் வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னாள். பல்பு கண்சிமிட்டியது. அதுவும் சரி. கொண்டுவந்திருந்த புதுக் காயிலை மாட்டினாள். பிளக்கைத் துடைத்துத் திரும்பப் படுக்கவைத்தாள்.

"அடி."

கிர்ர்... கிர்ர்... இல்லை.

"போதும். சாவிய எடுத்துட்டு வா."

அவசரம் இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றான். சாவி அவன் விரலில் தொங்கியது. இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிக்.

பிளக் நுனியில் ஒரு பொறி. நீலம். அந்த அரையிருட்டில் இரண்டு பேர் முகத்திலும் வெளிச்சம் அடித்தது.

அக்கா அவன் கையைப் பார்த்தாள். சாவி அங்கேதான் இருந்தது.

டிக்... டிக்.

ஸ்பேனரை எடுத்தாள். பேட்டரி டெர்மினலைக் கழற்றி, ஒயரைத் தூரமாக வளைத்து வைத்தாள். இனி அந்தக் காரில் ஒரு சொட்டுக் கரண்ட் கிடையாது. அவளுக்கு அது ரெண்டும் ரெண்டும் நாலு மாதிரி.

டிக்... டிக்... டிக்.

முடி கருகுகிற வாசனை வந்தது. அக்கா தன் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுடையது இல்லை.

அப்போதுதான் அவசரம் சொன்னான்: "அண்ணி... பின்னாடி கேக்குதா?"

காரின் பின்பக்கம். டிக்கிக்குள்ளிருந்து. யாரோ விரல் முட்டியால் தகரத்தைத் தட்டுகிற சத்தம். ஒரு தட்டு... ஒரு பொறி. ஒரு தட்டு... ஒரு பொறி.

"வேணாம்டா. வா, நடந்தே போயிருவோம்."

"உள்ள ஆள் இருந்தா, அண்ணி?"

சொல்லி முடிப்பதற்குள் போய்விட்டான். அவசரம்தானே. டிக்கிப் பூட்டில் சாவி திரும்புகிற சத்தம் கேட்டது. மூடி முனகிக்கொண்டே மேலே போனது.

"ஒண்ணும் இல்ல, அண்ணி. ஸ்டெப்னியும் ஒரு ரப்பர் பாயும்தான்."

அக்கா மூச்சு விட்டாள்.

டொம்.

கார் முழுவதும் அதிர்ந்தது. அவன் கத்தவில்லை. காற்று போன டயர் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

அக்கா பின்னால் ஓடினாள். அவசரம் இடுப்பு வரை டிக்கிக்குள் இருந்தான். கால்கள் வெளியே உதைத்துக்கொண்டிருந்தன. வலது கை விளிம்பில் தொங்கியது. மூடி தானாக மேலே போனது. போய் நின்றது... யாரோ ஓங்குகிற மாதிரி.

டொம்.

கை முறிந்த சத்தத்தை அக்கா கேட்டாள். பச்சை மட்டையை ஒடிக்கிற மாதிரி.

மூடி மறுபடி எழுந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். மூடி அவளையும் சேர்த்துத் தூக்கி ஜல்லியில் வீசியது. விரல் நகம் ஒன்று தகரத்திலேயே தங்கிவிட்டது. எழுந்து அவன் இடுப்பைக் கட்டி இழுத்தாள். உள்ளேயிருந்து அவனை எதுவோ பிடித்திருந்தது. வரவில்லை.

டொம். ரத்தம் அவள் முகத்தில் தெறித்தது. ஒவ்வொரு அடிக்கும் காரின் முன்பக்கம் பளீர் பளீர் என்று நீல வெளிச்சம், வெல்டிங் அடிக்கிற மாதிரி.

அதைப் பார்த்ததும்தான் அவள் கால்கள் திரும்பின. யோசித்துச் செய்ததில்லை என்று தன் தம்பி கிரேன்காரனிடம் சொன்னாளாம். பொறிக்கும் அடிக்கும் ஒரே தாளம். பொறியை நிறுத்தினால் எல்லாம் நிற்கும் என்று கைக்குத் தெரிந்தது. அவ்வளவுதான்.

முன்னால் ஓடித் தடித்த ஒயரைப் பிடித்தாள். யாரோ மார்பில் எட்டி உதைத்த மாதிரி பின்னால் பறந்து விழுந்தாள். வாய் முழுக்கத் தகர ருசி. எழுந்தாள். மற்ற கருவிகளோடு கீழே கிடந்த வீல் ஸ்பேனர் கையில் அகப்பட்டது.

கிர்ர்... கிர்ர்... கிர்ர்...

ஸ்டார்ட்டர் சுற்றியது. பேட்டரி இல்லை. சாவி பின்னால் டிக்கியில் தொங்குகிறது. ஆனாலும் யாரோ செல்ஃப் அடித்தார்கள்.

கார் முன்னால் பாய்ந்தது. பம்பர் அவள் முழங்காலில் இடித்தது. அவள் விலகவில்லை. என்ஜின் மேலேயே கவிழ்ந்து விழுந்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் காயிலை ஓங்கி அடித்தாள். அது நசுங்கியது. மறுபடி அடித்தாள். பிளந்தது. காயிலுக்குள் இருந்த சூடான எண்ணெய் கையில் வழிந்தது. அடுத்து டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி. தேங்காய்ச் சிரட்டை மாதிரி சிதறியது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்ததை அடித்தாள். ஒயர்களைக் கொத்தாகப் பிடுங்கினாள். புதிது, பழையது எதையும் விடவில்லை. வாய்விட்டு அழுதுகொண்டே அடித்தாள்.

சத்தம் நின்றது.

பொறி இல்லை, தட்டல் இல்லை. ரத்தமும் எண்ணெயும் ஜல்லியில் சொட்டுகிற சத்தம் மட்டும்.

அவள் போய்த் தூக்கியதும் டிக்கி மூடி சாதாரண மூடியாக எழுந்தது. அவசரத்துக்கு உயிர் இருந்தது. தோளில் போட்டு இழுத்துக்கொண்டு அவள் நொண்டி நொண்டி நடந்தாள். வழியில் ஒரு கல் லாரி வந்தது. டிரைவர் இறங்கி இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை இரண்டு தடவை பார்த்தாராம். வெளியே தொங்கிய கை தூள் தூளாகக் கிடந்தது. ஆனால் முதுகில் ஒரு கீறல் கிடையாது. முதுகெலும்பு, விலா, ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"அத்தன அடியும் முதுகுலதான் விழுந்துச்சு. நான் பாத்தேன் டாக்டர்," என்றாள் அக்கா.

"அப்படின்னா நடுவுல ஏதோ இருந்திருக்கணும்மா. மெத்தை மாதிரி எதாவது," என்றார் அவர்.

போலீஸ் அந்தக் காரை எடுத்துக்கொண்டு போனது. பழைய சொந்தக்காரர்களை விசாரித்தார்கள். ஒருவர் செத்திருந்தார், ஒருவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர் காரைக் கேட்டுத் திரும்ப வரவில்லை.

அவசரம் வெகுநாள் பேசவில்லை. பிறகு ஒருநாள் கிரேன்காரன் பார்க்கப் போனபோது, அக்கா மாத்திரை வாங்க வெளியே போகிற வரை காத்திருந்துவிட்டு, வாய் திறந்தானாம்.

"மச்சான்... உள்ள ஒரு பொம்பள இருந்தா."

"டிக்கி காலின்னு நீதானடா சொன்ன?"

"காலியாத்தான் இருந்துச்சு. குனிஞ்சு ஸ்டெப்னிய தொட்டேன். சட்டைய புடிச்சு ஒரே இழுப்பு. இழுத்து கீழ போட்டுட்டு என் மேல கவுந்து படுத்துக்கிட்டா. மூடி விழுந்ததெல்லாம் அவ முதுகுல, மச்சான். என் மேல ஒண்ணு விழல. கை மட்டும் வெளிய மாட்டிக்கிச்சு. ஒவ்வொரு அடிக்கும் அவ மூச்சு என் காதுல... கத்தல. பழகிப்போனவ மாதிரி, சத்தமே போடல. என் வாயையும் பொத்திக்கிட்டா."

கிரேன்காரன் கேட்டான்:

"அடிச்சது யாரு?"

"பாக்கல. செருப்பு சத்தம் கேட்டுச்சு. ஆம்பள செருப்பு. முன்னாடி போவான், சாவிய திருகுவான். வண்டி கிளம்பாது. அந்தக் கோவத்துக்கு பின்னாடி வந்து அடிப்பான். திரும்ப முன்னாடி போவான்..."

கூரையைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னானாம்.

"கடைசியா அண்ணி முன்னாடி எல்லாத்தையும் உடைச்சாங்கல்ல? அந்தச் சத்தம் கேட்டதும் அடி நின்னுபோச்சு. செருப்பு முன்னாடி போச்சு. திரும்ப வரல. அவ அப்பதான் என் வாயில இருந்து கைய எடுத்தா. எடுத்துட்டு சொன்னா... 'இனி என்கிட்ட வரமாட்டான். முன்னாடி நிக்கிறவளப் பாத்துட்டான்'னு."

அக்காவிடம் இதுவரை இருவரும் சொல்லவில்லை. சொல்லி என்ன செய்ய? அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். பழையபடி வேலை பார்க்கிறாள், பழையபடி எல்லோரையும் கிண்டல் செய்கிறாள்.

அவசரத்தின் கை இன்னும் சரியாக நீளவில்லை. பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்கு அக்காதான் தன் காரில் கூட்டிப்போகிறாள். அவள் ஓட்டுவாள். பக்கத்துச் சீட்டு காலியாகக் கிடக்கும். அவன் எப்போதும் பின்கதவைத் திறந்து, பின்னால்தான் ஏறுவான்.

போன வாரம் அக்கா கேட்டிருக்கிறாள்.

"டேய், என்னை என்ன உன் டிரைவருன்னு நெனச்சியா? முன்னாடி வந்து உக்காரு."

அவன் ஜன்னல் கண்ணாடி வழியாக முன்சீட்டைப் பார்த்தானாம். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாகச் சொன்னானாம்.

"எடம் இல்ல, அண்ணி."