இரட்டைக்குழலுக்கு வீட்டு மருந்து

"ஹலோ... மச்சான், நான்தான். ...நல்லா இல்ல. துப்பாக்கி ஒட்டிக்கிச்சு. ...எதுலயா? மேனேஜர் மேசையில."

வங்கிக் காவலாளி கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, இரட்டைக்குழலை இரு கையாலும் இழுத்தார். மேசையும் கூடவே நகர்ந்து வந்தது.

"சிரிக்காத. ...ஆமா, ஆமா, நீ சொன்ன கலவைதான். மண்ணெண்ணெய், வண்டி கியர் ஆயில், அப்புறம் உங்க அக்கா நகச்சாயம் அழிக்கிற பாட்டில். ...அவளுக்கு இன்னும் தெரியாது. பக்கத்துல இல்லையே? ...வாயைத் திறக்காத.

"...கடையில வாங்குறதா? துடைக்கிற எண்ணெய் கேட்டு எழுதிப் போட்டு நாலு வருஷம் ஆச்சு. போன மாசம்தான் பதில் வந்துது. எண்ணெய் எதுக்குன்னு விளக்கம் கேட்டிருக்காங்க.

"...இல்ல, குழல் கண்ணாடியாட்டம் இருக்கு. உன் மருந்தைக் குறை சொல்ல மாட்டேன். மேசை கீறிடக் கூடாதேன்னு கீழ தெர்மாகோல் போட்டேன்... ஹலோ? ...இப்ப சொல்றியா, தெர்மாகோலைக் கரைச்சிடும்னு? நேத்து எங்க போச்சு இந்த அறிவு? பாகாக் கரைஞ்சு, காஞ்சு, கல்லாட்டம் நிக்குது.

"...நேரமில்ல. பதினொரு மணிக்குத் தலைமை அலுவலகத்துலேர்ந்து ஆயுதச் சோதனை. போன தடவை குழல்ல சிலந்திக் கூடுன்னு எழுதிட்டுப் போன அதே அதிகாரி. இன்னொரு குறை எழுதினா வேலை போச்சு. ரிட்டயராக எட்டு மாசம்தான் இருக்கு, மச்சான்.

"...சுட்டா அதிர்வுல பிரிஞ்சிடுமா? தோட்டா பெட்டகத்துல. சாவி மேனேஜர் கிட்ட. மேனேஜர் லீவு. ...திருடன் வந்தா? திங்கக்கிழமை வரச் சொல்லுவேன்."

காசாளர் அம்மா தலையை நீட்டி, கண்ணால் வாசலைக் காட்டினார்.

"வந்துட்டார். வைக்காத, பையில போடுறேன்... வணக்கம் சார். இதோ சார். ...குழல் பாருங்க சார். ...ஆமா சார். ஆமா சார். ...தூக்க வரலையா சார்? அது வந்து..."

அதிகாரி இழுத்தார். காலை மேசையில் ஊன்றியும் இழுத்தார். பிறகு மூச்சு வாங்கியபடி குறிப்பேட்டைத் திறந்து, வெகுநேரம் எழுதினார்.

"...ஆமா சார், யாராலயும் பிடுங்கிட்டுப் போக முடியாது சார். ...நானேதான் சார் யோசிச்சேன். ...சரி சார். ...கண்டிப்பா சார்."

காரின் கதவுச் சத்தம் கேட்ட பிறகே கைபேசி மறுபடி காதுக்கு வந்தது.

"மச்சான், இருக்கியா? ...வேலை தப்பிச்சுது. ஆயுதம் களவு போகாதபடி பொருத்தப்பட்டிருக்குன்னு எழுதிட்டார். ...சிரிப்பை அடக்கு, மீதியக் கேளு. மத்த பன்னெண்டு கிளையிலயும் இதே மாதிரி பொருத்தணுமாம். நான்தான் போய்ச் சொல்லிக் குடுக்கணுமாம். அதனால, அந்த நகச்சாய பாட்டிலை உங்க அக்கா எந்தக் கடையில வாங்கினான்னு மட்டும் நைசா... ஹலோ? மச்சான்?

"...ஓ. நீயா. ...எவ்வளவு நேரமா கேட்டுக்கிட்டிருக்க? ...ஆமா. ...ஆமா, நான்தான் எடுத்தேன். ...முழுசும்தான். ...இல்லம்மா, துப்பாக்கிக்கு. ...சத்தியமா துப்பாக்கிக்குத்தான்... ஹலோ?"