ஏழும் பதினான்கும்

கோவில்பட்டியிலிருந்து மதுரைக்குப் போகும் காலை ரயிலில் யாரோடும் பேசாமல் படித்துக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கும், ஐயா. பதினோரு வருடம் அப்படித்தான் ஆய்வகத்துக்குப் போனேன். ஒருநாள்கூடத் தாமதமானதில்லை.

என் வேலை குரோமோசோம்களைப் பார்ப்பது. ரத்த அணுக்களை மூன்று நாள் வளர்த்து, அவை பிரியும் நேரத்தில் நிறுத்தி, சாயம் ஏற்றினால் வரிவரியாகத் தெரியும். படம் எடுத்துக் கணினியில் ஜோடி ஜோடியாக அடுக்க வேண்டும். ஒரு துண்டு இடம் மாறி ஒட்டியிருந்தால் வரிகள் காட்டிக்கொடுத்துவிடும்.

என் தம்பி சண்முகராஜுக்கு எப்போதும்வென்றான் கிராமத்தில் நிலம். அவன் மனைவி செல்வலட்சுமிக்கு மூன்று கரு தங்கவில்லை. ஒரு காதுகுத்துப் பந்தியில் அவள் சித்தப்பா உக்கிரபாண்டி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "எங்க கரிசல் நல்லாத்தான் கெடக்கு மாப்ள. வெதைய ஒருக்கா பாத்துக்கிடுங்க."

பந்தியே சிரித்தது. தம்பி பாதிச் சோற்றில் இலையை மூடிவிட்டு எழுந்தான். தாயில்லாமல் அக்கா நான் வளர்த்த பிள்ளை.

இருவர் ரத்தமும் என் மேசைக்கே வந்தது. தம்பியின் ஏழாவது குரோமோசோமின் நுனி பதினான்காவதில் ஒட்டியிருந்தது. பதினான்காவதின் நுனி ஏழில். எதுவும் குறையவில்லை, கூடவுமில்லை. அதனால் அவனுக்கு நோயில்லை. கருவுக்குப் போகும்போதுதான் ஒரு துண்டு கூடும், ஒரு துண்டு குறையும். செல்வலட்சுமியிடம் ஒரு குறையும் இல்லை.

நான் செய்தது சின்ன வேலை. அவனுடைய ஏழையும் பதினான்கையும் அவள் படங்களில் வைத்தேன். அவளுடையவற்றை அவன் படங்களில். ஆணா பெண்ணா என்று காட்டும் ஜோடியைத் தொடவில்லை. அங்கேயும் எதுவும் குறையவில்லை, கூடவில்லை. என்னை நம்பிய ஆய்வக டாக்டர், குறை அவளிடம் என்ற அறிக்கையில் கையெழுத்திட்டார். உக்கிரபாண்டி அதன்பின் எங்கள் ஊர்ப்பக்கம் வரவில்லை.

பிறகு அவளுக்கு நான்காவது கரு உண்டானது. பதினாறாம் வாரத்தில் பனிக்குட நீர் எடுத்துப் பார்க்கலாம் என்றார் அவளைக் கவனித்த டாக்டர். அதில் ஏதாவது தெரிந்தால் இருவர் ரத்தத்தையும் மறுபடி கேட்பார்கள்.

"மதினி, இது நிக்கும்னு மனசு சொல்லுது. தண்ணி எடுத்துப் பாத்துருவமா? நீங்க படிச்சவிய, சொல்லுங்க."

"மனசு சொல்லுதத நம்புனா லேப்பு எதுக்குட்டி? பேப்பர் என்ன சொல்லுதுன்னு பாரு. கலைச்சிரு."

கலைத்தாள். அடுத்த மாதம் தம்பி அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டான்.

அவள் வீட்டார் திருநெல்வேலியில் மறுபடி ரத்தம் பார்த்ததால்தான் நான் இப்போது விசாரணைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். வருத்தம் உண்டா என்று கேட்கிறீர்கள். இல்லை. நாளைக்கே அந்தப் படங்கள் என் மேசைக்கு வந்தாலும் அதையேதான் செய்வேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கலைத்த சதை எங்கள் ஆய்வகத்துக்குத்தான் வந்தது. வளர்த்தேன், அடுக்கினேன். நாற்பத்தாறும் அதனதன் இடத்தில் இருந்தன. கடைசி ஜோடியில் ஒன்று நீளம், ஒன்று குட்டை. ஆண். அறிக்கையில் 'அணுக்கள் வளரவில்லை' என்று எழுதினேன். அன்று மாலை ரயிலிலும் படித்துக்கொண்டுதான் வந்தேன்.

தம்பிக்கு ஒரு வாரிசு வேண்டும் என்பதைத் தவிர, ஐயா, நான் வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை.